எண்பத்தேழாவது வீடு

இளவரசி உட்கார்ந்து பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கீழே செருப்புக் கடையும் நடுவில் தையல் வகுப்பும் இருக்கிற கட்டடத்தின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணி வரைக்கும் நின்றபடிதான். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருக்கும்.

வாரநாட்களில் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. அங்கேயும் இதே கதைதான். முப்பத்தெட்டு வயதில் கால் வலிக்காதா என்று சக ஆசிரியைகள் கேட்டால், உட்கார்ந்தால்தான் வலிக்கிறது என்பாள். அவள் விளையாட்டாகச் சொல்வதாக அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆடி மாதத்து அந்த ஞாயிறு, இத்தனை வாரம் தள்ளித் தள்ளிப் போட்ட பாடத்தை எடுத்தே தீர வேண்டியிருந்தது. டீம், கமிட்டி, கிளாஸ், ஃபேமிலி. பல பேர் சேர்ந்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்குப் பிறகு ஒருமை போடுவதா, பன்மை போடுவதா? கூட்டம் மொத்தமும் ஒரே ஆளாக நின்று காரியம் பார்த்தால் 'இஸ்'. உள்ளே இருக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் 'ஆர்'. இங்கிலாந்துக்காரர்கள் இரண்டையும் தாராளமாக எழுதுவார்கள். அமெரிக்காக்காரர்கள் பெரும்பாலும் ஒருமையை விட்டு நகரமாட்டார்கள். நம் ஊரில் கேள்வித்தாள் தயாரிக்கிறவர் அன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாரோ அந்தப் புத்தகத்தின் வழி. இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிற பாடத்தை நாற்பது பேருக்கு முன்னால் அடித்துச் சொல்வது இளவரசிக்குப் பிடிக்காத வேலை.

"கோயில் கமிட்டின்னு வெச்சிக்கோங்க," என்று ஆரம்பித்தாள். "திருவிழா இந்தத் தேதின்னு கமிட்டி முடிவு பண்ணிச்சு. இங்க கமிட்டி ஒண்ணு. ஒருமை. நோட்டீஸ்ல யார் பேரு மேல போடறதுன்னு கமிட்டிக்காரங்களுக்குள்ள சண்டை. இங்க பல பேரு. பன்மை."

வகுப்பு சிரித்தது. எல்லாருடைய ஊரிலும் அந்தச் சண்டை உண்டு. மூன்றாவது பெஞ்சில் இருந்த இசைவாணி மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள். மயிலம் பக்கத்திலிருந்து வருகிறவள், இரண்டு தடவை தேர்வு எழுதிக் கோட்டைவிட்டவள், எதையும் கடைசிவரைக்கும் கேட்டுவிடுகிற ரகம்.

"மேடம், ஒரு வூட்ல ஒரே ஒரு ஆளுதான் இருக்காங்க. அது ஃபேமிலியா, இல்லியா? அதுக்கு இன்னா போடறது?"

மறுபடியும் சிரிப்பு. இளவரசியின் கையிலிருந்த மார்க்கர் பலகையில் ஒரு புள்ளியிலேயே நின்றது. கறுப்பு மை அங்கே கொஞ்சம் பெரிதாக ஊறிவிட்டது.

"இஸ்," என்றாள். பிறகு, "அதெல்லாம் பரீட்சைக்கு வராது," என்று பக்கத்தைத் திருப்பினாள்.

பரீட்சைக்கு வராதுதான். ஆனால் வருகிற புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அவளுடைய ஊர்க் கோயில் வாசலுக்கு வரும். அந்தச் சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இளவரசியின் ஊர் அனந்தபுரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. மழைக்காலத்தில் கேப்பையும், மல்லாட்டை என்று அவர்கள் சொல்கிற வேர்க்கடலையும், ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல்லும் போடுகிற ஊர். அங்கே குடும்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைக்கட்டு என்பார்கள். கல்யாணமான ஓர் ஆண், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், கூட இருக்கிற அப்பா அம்மா, ஆடு மாடு எல்லாம் சேர்த்து ஒரு தலைக்கட்டு. ஊரில் எண்பத்தாறு தலைக்கட்டு. ஊர்ப் பொதுவில் எது நடந்தாலும் இந்தக் கணக்கில்தான் நடக்கும். ஆடிக் கூழ் வார்ப்பதற்கு ஒவ்வொரு தலைக்கட்டும் ஒரு படி கேப்பை அளக்கும். கூழ் காய்ச்சிய பிறகு ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு செம்பு கூழ் வீட்டுக்கு வரும். அதற்குப் பிறகுதான் வந்தவர் போனவருக்கு.

இளவரசி இந்த எண்பத்தாறில் எந்த இடம் என்றால், தம்பி பூவரசன் வீட்டில் ஓர் ஆள். அவ்வளவுதான்.

அவளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணமாகி ஒன்பது வருஷம் குடித்தனம் நடந்தது. புருஷன் பெயர் சீனுவாசன். பிள்ளை இல்லை என்று ஆரம்பித்த பேச்சு, பிறகு எதற்கெடுத்தாலும் பேச்சு, கடைசியில் திண்டிவனம் கோர்ட்டில் கையெழுத்தாக முடிந்தது. சீனுவாசனின் வீடு அவர்கள் தெருவில் ஒரு தலைக்கட்டு. இவளைக் கூட்டிவந்தபோதும் ஒன்று, இவளை அனுப்பியபோதும் ஒன்று, இன்னொருத்தி வந்தபோதும் அதே ஒன்று. அவன் கணக்கில் எதுவும் குறையவில்லை. ஊருக்குத் திரும்பிய இவள்தான் எந்தக் கணக்கிலும் சேராமல் நின்றாள். இன்றைக்கும் ஞாயிறு வகுப்புக்குப் போகிற வழியில் அந்தத் தெருமுனை வரும். அங்கே மட்டும் இளவரசியின் நடை ஓட்டமாகிவிடும்.

அப்பா சாகும் முன்பு, பூவரசன் வீட்டை ஒட்டி மூன்று சென்ட் எழுதிவைத்தார். அதில் இரண்டு அறை கட்டிக்கொண்டாள். மின்வாரியத்தில் அவள் பெயரில் ஓர் இணைப்பு. ரேஷன் அட்டைக்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தாளோ, கடைசியில் வந்த அட்டையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் படம், உறுப்பினர்கள் என்ற இடத்திலும் அதே படம். மின்வாரியத்துக்கு அவள் ஒரு வீடு. ரேஷன் கடைக்கு அவள் ஒரு வீடு. ஊருக்கு மட்டும் அந்த இரண்டு அறையும் கண்ணுக்குத் தெரியாது.

போன வருஷம் வரைக்கும் அவளும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன ஆடியில்தான் அது நடந்தது. வீடு வீடாகக் கூழ் ஊற்றிக்கொண்டு வந்தவர்கள் வாசலுக்கு வந்தபோது, புதிதாக வாங்கிய பித்தளைச் செம்பை விளக்கி, மஞ்சள் தடவி, அவளும் நீட்டினாள். ஊற்றுகிறவர் கரண்டியைத் தூக்கியவர் தூக்கியபடியே, "பூவரசன் வூட்டுக்கு ஊத்தியாச்சேம்மா," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மறதியில் ரெண்டு தடவை வாங்குகிறாளோ என்று சந்தேகப்பட்டவர் சொல்கிற மாதிரி சொன்னார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காலிச் செம்போடு அவள் உள்ளே போன அந்த நாலு அடி தூரத்தை இந்த ஒரு வருஷமும் அவள் நடந்துகொண்டேதான் இருக்கிறாள்.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும், நோட்டோடு பாண்டுரங்கன் வந்தார். விழுப்புரம் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்பது அவர் நோட்டில் வராத விஷயம். ஊர்த் தலைக்கட்டு நோட்டையும் அதே ஒழுங்கில்தான் வைத்திருந்தார்.

"பூவரசன் வூட்ல இல்லியாம்மா?" என்றார், இளவரசியின் வாசலில் நின்று.

"அவன் வூடு அந்தாண்ட இருக்குது பெரியப்பா. நீங்க என் வூட்டு வாசல்ல நின்னுக்கினு இருக்கீங்க."

"தெரியும்மா. பேரு படிச்சி டிக்கு அடிச்சிக்கினு வர்றேன். எண்பத்தாறு சரியா இருக்குது."

"எண்பத்தேழுன்னு எழுதுங்க."

"ஆரு வூடு?"

"என் வூடு."

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். "பேரு எழுதணும்னா ஆம்பள பேரு வேணுமேம்மா," என்றார்.

"குப்பம்மா பெரியம்மா வூட்ல எந்த ஆம்பள இருக்காரு? அவங்க வூட்டுக்காரரு செத்துப் பதினெட்டு வருஷமாச்சு. இன்னும் அவரு பேரத்தான படிக்கிறீங்க. எழுந்து வந்து படி அளக்குறாரா?"

"அவரு செத்துப்போனாரும்மா. உன் ஆளு உயிரோட இருக்கானே."

"அப்போ அவன் செத்தாதான் எனக்கு வூடா?"

"ஆடி மாசத்துல இன்னா பேச்சு பேசற நீ!" என்று பதறிப்போனார். மனுஷன் கெட்டவர் இல்லை. நோட்டில் வழி இருந்தால் செய்துகொடுப்பவர். அதனால் வழி தேடினார், ஒன்று கிடைத்தும்விட்டது. "ஒண்ணு பண்ணு. உங்க அம்மாவ உன் வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்துரு. புருஷன் இல்லாத பொம்பள இருக்கற வூடுன்னு உங்க அப்பா பேர்ல எழுதிடறேன். அதுக்கு மாமூல் வழக்கம் இருக்குது. ஒருத்தனும் வாயத் தெறக்க முடியாது."

இளவரசி அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா லட்சுமியம்மாள் பூவரசன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம். அம்மாவின் பாயையும் வெற்றிலைப் பெட்டியையும் இந்தப் பக்கம் எடுத்துவைத்தால் போதும், செம்பு நிறையக் கூழ்.

மறுநாள் காலையில் பேச்சு எப்படியோ பூவரசன் காதுக்குப் போயிருந்தது. மல்லாட்டை விதைப்புக்குக் கிளம்பியவன் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தான். இவளைவிட மூன்று வயது இளையவன்.

"அம்மாவ கூட்டிக்கினு போறியாமேக்கா?"

"நான் சொல்லல. பெரியப்பா சொன்னாரு."

"பெத்தவளுக்குச் சோறு போடாம அக்கா வூட்டுக்கு அனுப்பிட்டான்னு ஊரு சிரிக்கும். அது பரவால்ல. உன் பேரும் எங்க வூட்லதான இருக்குது? நான் உனக்கு இன்னாக்கா கொற வெச்சேன்?"

அவன் கேட்டதுதான் பெரிய பேஜாராகப் போயிற்று. ஒரு குறையும் வைக்கவில்லை. கோர்ட்டுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வந்தவன் அவன். வீடு கட்டும்போது சித்தாளோடு சித்தாளாகச் செங்கல் தூக்கியவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இளவரசிக்கு இந்த ஒரு வருஷம் எவ்வளவோ சுலபமாகப் போயிருக்கும். நல்ல தம்பியிடம் போய், உன் வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"கொறைன்னு நான் எப்பவாவது சொன்னனா?" என்று மட்டும் கேட்டாள். அவன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான்.

லட்சுமியம்மாள் முருங்கை மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒத்த ஆளுக்கு எதுக்குடி தலக்கட்டு? ஒரு செம்பு கூழுதான? எங்க செம்புலேர்ந்து நான் ஊத்தித் தர்றேன்," என்றாள். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நீ கூப்புட்டா வர்றேன். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றும் சொன்னாள்.

கூப்பிட்டிருக்கலாம். இளவரசிக்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் செத்துப்போன அப்பாவின் பெயரைப் படித்து, அதற்குத் தான் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். இத்தனை பாடுபட்டு மறுபடியும் இன்னொருவர் பெயருக்குக் கீழே ஓர் ஆள்தான். அதற்காக அம்மாவை ஒரு பக்கத்திலிருந்து பிடுங்கி இன்னொரு பக்கத்தில் நடுவது என்ன நியாயம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

இப்போது புரிந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை இசைவாணி கேட்ட கேள்விக்கு மார்க்கர் ஏன் நின்றது என்று. வகுப்பு முடிந்து திரும்புகிற பஸ்ஸில் பாதி இருக்கை காலி. இளவரசி பின்பக்கப் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கண்டக்டர், "ஏம்மா, எடம் இருக்குதே, உக்காருங்களேன்," என்றார். "எறங்கிடுவேன்," என்றாள். விழுப்புரத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்தாள். ஒரு பெண் எழுந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அனந்தபுரத்தில் இறங்கி, கடைத்தெருவில் ஒரு படி கேப்பை வாங்கினாள். தம்பி வயலில் விளைந்ததே அவன் வீட்டில் மூட்டையாக இருந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் முறத்தில் கொட்டிப் புடைத்துக் கல் பொறுக்கினாள். புடைத்ததையே மறுபடியும் புடைத்தாள். என்ன செய்யப்போகிறோம் என்று அப்போதும் அவளுக்குத் திட்டம் இல்லை. படி நிறைய வைத்துக்கொண்டு போய் நின்று பார்ப்போம் என்பதுதான்.

புதன்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். முறை இப்படி: பாண்டுரங்கன் பெயரைக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆள் வந்து படியைக் கொட்டி, "அளந்தாச்சு," என்று சொல்வார். ஒரு படிக்கு ஒரு வேப்பங்கொத்து குவியலைச் சுற்றிச் செருகப்படும். கடைசியில் நோட்டில் இருக்கிற பெயரும் செருகிய கொத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கேப்பை மில்லுக்குப் போகக்கூடாது. குவியலில் விழுந்தது அம்மனுடையது, திரும்ப அள்ளக்கூடாது. இதெல்லாம் எப்போது யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் ஒரு வருஷமும் தவறியதில்லை.

எண்பத்தாறு பெயரும் முடிந்தது. குப்பம்மாள் தன் புருஷன் பெயருக்கு வந்து கொட்டிவிட்டுப் போனாள். பூவரசன் கொட்டினான். பாண்டுரங்கன் நோட்டை மூடப்போனார். அனந்தபுரம் மில்லுக்கு எடுத்துப்போக நின்ற குட்டி யானை வண்டியில் டிரைவர் கோபி ஹாரன் அடித்து, "ஜல்தி முடிங்கப்பா. பத்து மணிக்கு கரண்டு நிறுத்திட்டான்னா சாயங்காலம்தான் வரும்," என்று கத்தினான்.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து இளவரசி வந்தாள். இடுப்பில் சாய்த்து வைத்திருந்த படியை இரண்டு கையாலும் எடுத்தாள். கேட்டால் மறுப்பார்கள் என்று தெரியும், அதனால் யாரையும் கேட்கவில்லை. குவியலின் உச்சியில் அப்படியே கவிழ்த்தாள். கேப்பை நாலா பக்கமும் சரிந்து மற்றவர்கள் கேப்பையோடு கலந்து போயிற்று.

"அளந்தாச்சு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா பண்ணிட்ட!" என்று பாண்டுரங்கன் எழுந்துவிட்டார். கூட்டம் சத்தம் போட்டது. அள்ளு என்றார்கள். எதை அள்ளுவது? எது அவள் கேப்பை, எது மற்றவர் கேப்பை? அள்ளக்கூடாது என்று உடனே வேறு சிலர் கத்தினார்கள். கொத்து எண்பத்தாறு, படி எண்பத்தேழு. பெயர் இல்லாத ஒரு படி அம்மன் வாசலில் கிடந்தது.

பாண்டுரங்கன் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். இந்தத் தடவையும் வழி கண்டுபிடித்தார். "சரி, போவுது. பூவரசன் வூடு ரெண்டு படின்னு எழுதிக்கிறேன்," என்றார்.

அவர் சொல்லி வாயை மூடவில்லை, கூட்டம் அடங்கிப்போனது. ஏனென்றால் அந்த ஊரில் ஒரு வீடு இரண்டு படி அளந்தால், அந்த வருஷமே அந்த வீடு இரண்டாகப் பிரியும் என்று நம்பிக்கை. பாகப்பிரிவினைக்கு நாள் பார்த்துவிட்ட அண்ணன் தம்பிகள்தான் இரண்டு படி அளப்பார்கள். தெரியாமல் அளந்துவிட்டு அடுத்த தையில் தனித்தனி அடுப்பு மூட்டியவர்கள் கதையெல்லாம் ஊரில் உண்டு. ஆங்கிலம் படித்த இளவரசிக்கு இது நினைவிலேயே இல்லை. இருந்திருந்தால் கொட்டியிருக்கமாட்டாள்.

பூவரசனின் இரண்டு பையன்களும் பள்ளிக்கூடச் சட்டையோடு கோயில் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். பிறகு, "என் வூட்டுமேல எழுதாதீங்க பெரியப்பா," என்றான். "எனக்கு ரெண்டு பசங்க."

"அப்போ வேற ஆரு பேர்ல எழுத?"

பாண்டுரங்கன் ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்த்தவர்கள் எல்லாம் ஓர் அடி பின்னால் போனார்கள். மூன்று மகன்களை வைத்திருந்தவர் இரண்டு அடி போனார். போன வருஷம் கூழ்க் கரண்டி பிடித்தவர் துண்டை உதறிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நகர்ந்துவிட்டார். அம்மன் பெயரில் எழுதலாமே என்று ஒருவர் சொன்னார். அம்மனுக்கு அம்மனே அளக்குமா என்று அவர் பெண்டாட்டியே அவரை அடக்கினாள். எண்பத்தாறு வீடும் ஒரே ஆளாக நின்றது, அந்த ஒரு படி எனக்கு வேண்டாம் என்று. கோபி மறுபடியும் ஹாரன் அடித்தான்.

பாண்டுரங்கன் உட்கார்ந்தார். நோட்டைப் பிரித்து, எண்பத்தாறுக்குக் கீழே 87 என்று எழுதினார். பேனா அதற்குமேல் நகரவில்லை. "அப்பா பேரு, புருஷன் பேரு, ஒண்ணும் போட வேணாமா?"

"வேணாம் பெரியப்பா. என் பேரு போதும்."

எழுதினார். முறைப்படி பெயரைக் கூப்பிட்டாக வேண்டுமே. அவருடைய பஸ் நிலையக் குரலில், ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக, "இளவரசி வூடு!" என்றார். ஒருத்தி வேப்பங்கொத்தைச் செருகினாள். கேப்பை குட்டி யானையில் ஏறியது.

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. பூவரசன் அவள் முகத்தைப் பார்க்காமல் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பயந்துபோய்ச் சொன்னானா, இல்லை அவளுக்காகச் சொன்னானா? எட்டே கால் பஸ்ஸில் விழுப்புரம் போய்ச் சேரும் வரை அவள் நின்றுகொண்டே இதையே யோசித்தாள். அவனிடம் கேட்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை கூழ் வந்தது. பித்தளைச் செம்பு நிறைய ஊற்றிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள். லட்சுமியம்மாள் முருங்கை மரத்தைத் தாண்டி வந்து இளவரசியின் செம்பிலிருந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். "எங்க வூட்டுக் கூழவிட உன் வூட்டுக் கூழு புளிப்பு கம்மியா இருக்குதுடி," என்றாள். இரண்டும் ஒரே அண்டாவில் காய்ச்சியது. இளவரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அம்மா அதைப் பார்க்காதவள் போல டம்ளரில் மிச்சம் இருந்ததையும் குடித்தாள்.

இதோடு கதை முடிந்தது என்று இளவரசியும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திண்டிவனம் கிளம்பிக்கொண்டிருந்தாள். புடவை கட்டி, பையில் சோறு எடுத்துவைத்து, வாசல் நாற்காலியில் பையை உட்கார வைத்திருந்தாள். தெருமுனையில் பச்சைமுத்துவின் டி.வி.எஸ் சத்தம் கேட்டது. ஊர்க் காரியங்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர் அவர்தான்.

"வாய்க்கா வெட்டு! வாய்க்கா வெட்டு! வூட்டுக்கு ஒரு ஆளு! ஏழு மணிக்கு ஏரிக்கர!"

மழைக்கு முன்னால் ஏரிக்கு வருகிற வாய்க்காலைத் தூர் எடுப்பது வருஷா வருஷம் நடப்பதுதான். தலைக்கட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும். வராத வீட்டின் பெயரை அந்த வருஷ நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பச்சைமுத்து பூவரசன் வாசலில் நின்று அவன் பெயரைச் சொன்னார். பழக்க தோஷத்தில் இளவரசியின் வீட்டைத் தாண்டிப் போனார். போனவர் பிரேக் போட்டார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். காலாலேயே வண்டியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

"இளவரசி வூடு! ஆளு ஆரு வர்றது?"

இளவரசி தன்னை அறியாமல் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். யாரைப் பார்த்தாள்? உள்ளே கொடியில் துவைத்த துணியும், ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியும், கவிழ்த்துவைத்த செம்பும்தான் இருந்தன.

பூவரசன் தோளில் மண்வெட்டியோடு வெளியே வந்திருந்தான். புதன்கிழமையிலிருந்து அவளிடம் பேசாதவன், பச்சைமுத்துவிடம் பேசினான். "அக்காவுக்கு கிளாஸ் இருக்குது. ரெண்டு ஆளு வேலய நானே செஞ்சிட்றேன்னு சொல்லுங்க."

"ஒரு ஆளு வந்தா நோட்டுல ஒரு வூடுதான் எழுதுவாரு. உனக்குத் தெரியாததா?"

பூவரசன் அக்காவைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லிவிடு, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"எங்க வூட்ல மண்வெட்டி இல்ல," என்றாள் இளவரசி. "ஒண்ணு குடுடா."

அவன் தன் தோளில் இருந்ததைத் தரவில்லை. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தான். காம்பு சின்னதாக, இலை தேய்ந்து, தூக்க லேசாக இருந்த ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து அவள் வாசலில் சாய்த்துவைத்தான். "புடவைய தூக்கிச் செருகிக்கினு வா. சேறா இருக்கும்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

பச்சைமுத்து சீட்டில் டிக் அடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இளவரசி போனை எடுத்தாள். வகுப்புக் குழுவில் செய்தி போட்டாள்: இன்று வகுப்பு இல்லை, ஊர் வேலைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் போகவேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் சேர்த்து எடுத்துவிடுகிறேன். நாற்காலியில் இருந்த பையை உள்ளே வைத்தாள். கதவைப் பூட்டினாள். அதற்குள் போன் கூவியது. இசைவாணிதான். அவளைத் தவிர வேறு யார் கேட்பார்கள்?

'யாரு மேடம் போறாங்க?'

இளவரசி மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டாள். மற்றொரு கையின் கட்டைவிரலால், நடந்துகொண்டே, 'நாங்கதான்' என்று பதில் அடித்தாள்.